மூன்று மணிப் பள்ளம்

என் தொழில் என்னவென்று உறவினர்களுக்கு விளக்குவதை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். அணையின் நீர்மட்டம், ஆற்றின் ஓட்டம், மழையின் அளவு எல்லாம் மணிக்கு மணி எண்களாக வந்து குவியும். அந்த எண்களை வாங்கி, சுத்தம் செய்து, கோடாக வரைந்து காட்டும் மென்பொருளை எழுதுவது என் வேலை. இதைச் சொன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் என் பெரியப்பா, "அப்ப நீ தண்ணி வாரியத்துல இருக்கற" என்பார். இல்லை என்று மறுத்தால், "சரி, எங்க வீதிக்கு எப்பத் தண்ணி உடுவாங்க, அதையாச்சும் கேட்டுச் சொல்லு" என்பார். 

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. புனேயில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே மாநகராட்சித் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மிச்சத்துக்கு டேங்கர் வண்டி. மகர்பட்டா என்ற தனி நகரியத்தின் மதிலுக்கு உள்ளே என் அலுவலகம், மதிலுக்கு வெளியே என் வீடு. உள்ளே பெரிய பெரிய அணைகளின் கோடுகளைத் திரையில் இழுத்து நிமிர்த்துகிறவன், வெளியே வந்தால் கோடைக்காலத்தில் வாய் நிறையப் பற்பசை நுரையோடு குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் குழாயே தெரியவில்லை.

ஆனாலும் அலுவலகத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் தவறாமல் ஒரு கண்டுபிடிப்போடு என் மேசைக்கு ஓடி வருவார்கள். "சார், முதல்ல ஆத்துல வெள்ளம் வருது, மறுநாள்தான் மழை பெய்யுது!" நான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பேன். நம் நாட்டில் மழையைக் காலை எட்டரை மணிக்கு அளப்பார்கள். நேற்றுச் சாயங்காலம் பெய்த மழையும் இன்றைய தேதியில்தான் ஏறும். ஆறு அதற்கெல்லாம் காத்திருக்காமல் நேற்றிரவே பொங்கிவிடும். "ஆறு பொய் சொல்லலை தம்பி. ஒரு எண்ணைக் கையில வாங்கினா முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான். இது எந்தக் கடிகாரம்?"

இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை முறை ஓதினேனோ, என் பிறந்தநாளுக்கு அவர்கள் ஒரு காப்பிக் கோப்பை வாங்கித் தந்தார்கள். அதில் 'எந்தக் கடிகாரம்?' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது. கிண்டல்தான். எனக்கு அது விருதாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அந்த எழுத்து கேமராவுக்குத் தெரியும்படி கோப்பையைத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்தவள். எனக்குப் புனேயில் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு வந்தாள். வந்த புதிதில் அவளுக்கு இந்த ஊரில் பெயரே கிடையாது. என் மனைவி, என் மகளின் அம்மா, அவ்வளவுதான். ஊரிலிருந்து லாரியில் ஏற்றிவந்த கிரைண்டரில் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக மாவு ஆட்டி, மகர்பட்டாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தாள். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்ல, இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டு அழைப்புமணி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு விடியற்காலையில் அவளே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். எதிர்வீட்டு மராட்டிய அம்மாள்கூட உளுந்து எத்தனை, அரிசி எத்தனை என்று கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் "துஜச் தே" என்று, உன்னுடையதையே கொடு என்று, வாங்கிப் போவாள். என்னை அந்தக் கட்டடத்தில் 'இட்லி மாவு அக்காவின் கணவர்' என்றால்தான் தெரியும். அது எனக்கு உள்ளுக்குள் சற்று உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன கோடையில் டேங்கர் வண்டிகள் கூடிக்கொண்டே போயின. கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் யாரோ கொளுத்திப் போட்டார்கள்: வீட்டில் வியாபாரம் செய்கிறவர்களால்தான் தண்ணீர் தீர்கிறது. பெயர் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் வீட்டில் வியாபாரம் செய்கிறவர் ஒரே ஒருவர்தான் என்பதால் சொல்லத் தேவையும் இல்லை. கட்டடச் சங்கத்தின் தலைவர், புனேயை அடுத்த சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். நல்ல மனிதர், ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் போட்டு, மாவு வியாபாரம் தொடரலாமா கூடாதா என்று முடிவெடுப்போம் என்று எழுதினார்.

மனைவி அதைப் படித்துவிட்டு அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "கூட்டத்துல நான் பேசிக்கறேனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் விடுவேனா? "பேச்செல்லாம் எடுபடாது. அவருக்கு வேண்டியது ஆதாரம். மொட்டைமாடித் தொட்டியில ஒரு சென்சார் வெச்சு, எந்த நேரத்துல எவ்வளவு தண்ணி போகுதுன்னு என்ற மென்பொருள்லயே வரைஞ்சு காட்டிடறேன். உன்ற மாவுக்கு ஆகற தண்ணி ஒண்ணுமே இல்லைன்னு அதுவே சொல்லிடும்."

"அதெல்லாம் வேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க."

கேட்கவில்லை. அலுவலக அலமாரியில் சோதனைக்காகக் கிடந்த ஒரு மட்டமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். நீரின் மேல் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும் கருவி. மொட்டைமாடியில் தொட்டியின் மேல் ஏறி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, அதை மூடியின் ஓரத்தில் பொருத்தினேன். முதல் நாளே தொட்டியின் மட்டம் திடீர் திடீரென்று எகிறியது. மேலே போய்ப் பார்த்தால், பாதி திறந்திருந்த மூடிக்குள் கருவிக்கு நேர் கீழே ஓடிய குழாயின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அதன் முதுகை நீர்மட்டம் என்று கருவி எழுதிக்கொண்டிருந்தது.

புறாவை விரட்டிவிட்டுக் கீழே வந்தால், என் மென்பொருள் அதற்குள் அந்த எகிறல்களை எல்லாம் தானாகவே நீக்கி, கோட்டை வழவழவென்று ஆக்கி வைத்திருந்தது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் எல்லாம் கருவியின் குளறுபடி என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, அப்பாவோட சாஃப்ட்வேர் புறாவையே தூக்கிடுச்சு."

கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்த அவளுக்குத் தமிழ் பாதி, இந்தி பாதி. "அச்சா ஹை பப்பா. ஆனா கபூத்தர் எங்க போச்சு, பாவம்?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரங்களில் எண்கள் தாமாக வந்து சேர்ந்தன. நான் என் அலுவலக வேலையில் மூழ்கிவிட்டேன். கூட்டத்துக்கு முந்தைய வாரம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது என்று நினைவு. அழைப்புமணி அடிக்கவே இல்லை. அலுவலகக் கூட்டங்களில் நிம்மதியாகப் பேச முடிந்தது. சாப்பாட்டு மேசையில் மட்டும் சின்ன மாற்றம். "அம்மா, ஆஜ் பி உப்புமா?" என்று, இன்றைக்குமா என்று, மகள் முகத்தைச் சுளித்தாள். நான் அவளுக்கு உப்புமாவின் பெருமையை எடுத்துச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. வெயில் அதிகம், களைப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அலுவலகத்திலிருந்து புரொஜெக்டர் வேறு கொண்டுவந்திருந்தேன். கோப்பையையும் எடுத்துப் போனேன், அதை ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போது கேட்காதீர்கள். எண்கள் வருகின்றனவா என்று முந்தின நாள் பார்த்திருந்தேனே தவிர, வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக வரைந்து தருவதுதானே எங்கள் மென்பொருளின் பெருமை.

பொத்தானை அழுத்தினேன். வெள்ளைச் சுவரில், ஒரு நாளில் தொட்டியிலிருந்து போன தண்ணீரின் கோடு விரிந்தது. அதில் யானை முதுகு மாதிரி ஒரு மேடு.

"இதோ பாருங்கள்," என்று இந்தியில் கணீரென்று ஆரம்பித்தேன். "நம் கட்டடத்தில் மிக அதிகமாகத் தண்ணீர் போகும் நேரம், நள்ளிரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.  தலைவர் எழுந்து சுவருக்கு அருகில் போய், மேட்டின் மேல் விரலை வைத்தார். "ராத்ரி ஏக் வாஜ்தா கோண் பாணி வாபர்தய்?" என்றார். இரவு ஒரு மணிக்கு யார் தண்ணீர் செலவழிப்பது என்று கேட்கிறார்.  விடியற்காலையில் மாவுப் பையோடு வண்டியில் கிளம்புகிறவள் இரவெல்லாம் ஆட்டினால்தானே முடியும் என்று எல்லோரும் தாமாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். தலைகள் ஒவ்வொன்றாக என் மனைவி இருந்த பக்கம் திரும்பின.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனால் அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த ஒரு கணம் நானும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நான் தூங்கிய பிறகு எழுந்து போய் ஆட்டுகிறாளோ என்று எனக்கே தோன்றியது. அவள் அரைப்பது மத்தியானத்தில்தான் என்று சொல்லக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளை விட, சுவரில் தெரிந்த கோட்டை நம்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கியில் பழைய கணக்குகளைச் சரிபார்த்த கண். பிறகு எழுந்தாள்.

"ஸுபஹ் ஸாத் பஜே இஸ் பில்டிங்மே கோயி நஹாதா நஹீ க்யா?" என்று கேட்டாள். காலை ஏழு மணிக்கு இந்தக் கட்டடத்தில் ஒருவருமே குளிப்பதில்லையா?

எல்லோரும் மறுபடி சுவரைப் பார்த்தார்கள். காலை ஏழு மணிக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. என் வரைபடத்தின்படி அந்தக் கட்டடத்தில் யாரும் காலையில் பல் துலக்கவில்லை, குளிக்கவில்லை, கழிப்பறைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து கூட்டாகச் செய்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கருவி கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அலுவலகத்தில் இதை மாற்றிக்கொள்ள மென்பொருளே ஒரு கேள்வி கேட்கும்: எந்தக் கடிகாரம்? அந்தக் கேள்வியை அதில் வைத்தவன் நான். வீட்டில் கருவியைப் பொருத்திய அன்று என்னிடமும் அது கேட்டது. 'பிறகு பார்க்கலாம்' என்ற பொத்தானை அழுத்தினேன். அந்தப் பொத்தானை வைத்தவனும் நான்தான். என் முன்னால் மேசையில் கோப்பை, எழுத்து கூட்டத்தைப் பார்த்தபடி, இருந்தது. மெதுவாகத் திருப்பி வைத்தேன்.

நேரத்தைச் சரிசெய்ததும் யானை நகர்ந்து காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே போய் நின்றது. ஊரே குளிக்கும் நேரம். தலைவர் தலையாட்டினார். "சரி. அப்படியானால் மாவு எங்கே?"

தேடினேன். எங்குமே இல்லை. அசடு வழிய, "தெரியவில்லை" என்றேன்.

"தெரியவே இல்லையா?" என்று கேட்டது என் மனைவி. இந்த முறை குரலில் வேறு ஒரு கோபம். இரண்டு வருட உழைப்பு சுவரில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அப்போதுதான் புறா நினைவுக்கு வந்தது. புறாவைத் துடைத்த அதே நிரல் வரிதான் அவளுடைய மாவையும் துடைத்திருக்கிறது. அந்தச் சுத்தம் செய்யும் வேலையை நிறுத்திவிட்டு, தொட்டியின் நீர்மட்ட எண்களை வந்தபடியே சுவரில் போட்டேன்.

தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குச் சின்னதாக ஒரு பள்ளம். அரிசியும் உளுந்தும் கழுவி, ஆட்டி, கிரைண்டரை அலசும் நேரம். மறுநாளும் அதே மூன்று மணி. அதற்கு மறுநாளும். பக்கத்து அறையில் காதை அடைத்துக்கொண்டு நான் அணைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு மனுஷி நாள் தவறாமல் அதே நேரத்தில் எழுந்து போய் அதே வேலையைச் செய்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தலைவரிடம் ஒவ்வொரு பள்ளமாகக் காட்டிக்கொண்டே நாட்களை நகர்த்தினேன்.

ஓர் இடத்தில் பள்ளம் நின்றுவிட்டது. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் மூன்று மணிக்குக் கோடு நேராகவே போயிற்று. கருவி பழுதா என்று பார்த்தேன். மற்ற ஏற்ற இறக்கங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

அடிக்காத அழைப்புமணி. உப்புமா.

என் கை நின்றுவிட்டது. அவள் தமிழில், அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் புரியும்படி, "அத மூடி வைங்க. வீட்டுல பேசிக்கலாம்" என்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

"வரைபடம் நன்றாக இருக்கிறதாம்" என்றேன்.

மாவு தொடரலாம் என்று கூட்டம் முடிவெடுத்தது. யானையைப் பார்த்த பிறகு பள்ளத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. காலைக் குளியலை எப்படிச் சுருக்குவது என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார் தலைவர். மனைவியிடம் தனியாக வந்து கைகூப்பினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எப்ப நிறுத்துன?"

"குழுவுல எழுதறது ஜாஸ்தியாச்சுங்க. லிஃப்டுல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. எப்படியும் நிறுத்தச் சொல்லீருவாங்க, அதுக்கு நாமளே நிறுத்தீட்டா மானமாச்சும் மிஞ்சும்னு, வாங்கறவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லீட்டேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிரைண்டரை விக்கறதுக்குக்கூட ஒரு ஆளு கிட்ட கேட்டுட்டேனுங்க."

"என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நீங்கதான் சென்சாரைக் கேட்டுட்டு இருந்தீங்களே."

 எத்தனையோ ஆறுகளின் கோட்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் உடனே கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை எழுதியவன் நான். என் வீட்டில் கிரைண்டர் ஒரு வாரம் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆனால் அவளே அழாதபோது நான் அழுவது முறையல்ல என்று சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கிரைண்டர் மேல் துணி போர்த்தியிருந்தது. அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் அலுவலகக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஆறு முந்தி மழை பிந்தி வரும் அதிசயத்தை விவரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என் பேருரைக்காகக் காத்திருந்தார்கள். நான் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். சமையலறையில் கிரைண்டர் கடகடவென்று ஆரம்பித்தது. அலைபேசியில் தொட்டியின் கோட்டைத் திறந்தேன். மூன்று மணி. கோடு ஒரு நூலளவு கீழே இறங்கியது.

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். "இறங்குதும்மா, இறங்குது!" என்று அலைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

முழங்கை வரை மாவோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இறங்காம ஏறுமா? அதக் கீழ வெச்சுட்டு, வந்து இந்தக் குண்டானைப் புடிங்க."

பிடித்தேன்.